கழுவுதொட்டி குடித்த மருந்து

அத்தாயா, கெர்கென்னா தீவு, துனிசியா
ரமலான் பிறை 15

அன்புள்ள மப்ரூக்கா அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி நஸீஹா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் தம்பி ஃபோனை எடுத்தால் ஸ்பீக்கரில்தான் போடுவார். நீங்கள் மார்செய்யில் தும்மினால் இங்கே பக்கத்து வீட்டுக்காரி ‘அல்லாஹ் காப்பாத்தட்டும்’ என்கிறாள். படகுத்துறையில் என் டிக்கெட் கவுண்டரிலிருந்து பேசலாம் என்றால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் நமக்குச் சொந்தம். மேலும் பேச ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், அப்புறம் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. வாத்தியார் ஃபவ்ஸி மகளைப் பார்க்க அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாகவே ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் அவர் படித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பேசும்போது உங்கள் தம்பி தய்யிபின் குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். குரல் மட்டுமல்ல அக்கா, ஆளே பாதியாகிவிட்டார். மீன் பிடிக்கக் கடலில் வேலி நட்ட காலத்திலிருந்தே சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேரீச்ச மட்டைகளைத் தண்ணீருக்குள் குனிந்து குனிந்து நட்டதில் பிடித்துக்கொண்டது என்றார். அப்புறம் என் ஹரிசாவில் காரம் கூடிவிட்டது என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே மிளகாய், அரைப்பதும் அதே கை, இப்போதுதான் காரம் கூடிவிட்டதாம். இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன், கேட்டால் வார் நீண்டுவிட்டது என்கிறார். ரமலான் வந்ததும் வலி குறைந்துவிட்டது. பாருங்கள், நோன்பே மருந்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சாப்பிட்டால்தானே வலிக்கும்?

ஹாஜர்தான் விடவில்லை. மகள் எனக்குப் பிறந்தாளே தவிர, உங்களைக் கொண்டு வந்திருக்கிறாள், நினைத்தால் நினைத்ததுதான். புருஷனிடம்கூடச் சொல்லாமல் அக்கரை ஸ்ஃபாக்ஸிலிருந்து படகேறி வந்து அப்பாவை அங்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் ராஃபிக்கா குடல் நோய் பார்க்கும் பெண்மணி. வயது கம்மி, சிரிக்கவே மாட்டார், ஆனால் நல்ல கை. வயிற்றை அழுத்திக்கொண்டே வந்தவர் வலது பக்கம் கீழே ஓரிடத்தில் நின்றார், மறுபடி அழுத்தினார், பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்துவரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு பெரிய பாட்டில் கொடுத்தார்கள். மருந்து கலந்த தண்ணீர். ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடிக்க வேண்டும், அப்போதுதான் குடல் விரிந்து படம் தெளிவாக விழும் என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பதையும் அவளே சேர்த்துச் சொன்னாள். பாவம், ரமலான் முழுக்க இதே வழக்கைப் பேசுகிறாள் போலிருக்கிறது. உங்கள் தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நோன்பு வைத்திருப்பவர்கள் நடுவில் உட்கார்ந்து குடிப்பது மரியாதையில்லை என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எதிர்த்துப் பேசாத தய்யிபை நான் என்றைக்குப் பார்த்தேன்? வெறும் பாட்டிலோடு திரும்பி வந்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கரிக்கிறது என்றார். நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

முடிவு வந்த அன்று, நோயாளியிடம் நேரே சொல்லாத நம் வழக்கப்படி அவரை வெளியே டி.வி. முன்னால் உட்கார வைத்துவிட்டு நானும் ஹாஜரும் உள்ளே போனோம். டாக்டர் கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். வயிற்றைக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக நறுக்கி அடுக்கினால் எப்படியோ அப்படி. ஸ்கேன் எடுத்த இடத்தில் எழுதிக் கொடுத்திருந்ததை வாசித்துச் சொன்னார். சிறுகுடலில் மேலிருந்து கீழ்வரை பல இடங்களில் சுவர் தடித்திருக்கிறதாம், பக்கத்தில் நெறி கட்டியதுபோல் முடிச்சுகளும் தெரிகிறதாம். நம் கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்குக் குடல் முழுக்கப் பரவி வரும் ஒரு வகை உண்டு, அதுவோ என்று சந்தேகமாம். எது என்று நான் கேட்கவில்லை. நாம் பெயர் சொல்லாமல் கெட்ட நோய் என்று சொல்வோமே, அதுதான். இவ்வளவு இடத்தில் இருந்தால் கஷ்டம் என்றார். ஹாஜர் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது.

அப்புறம் அவரே படங்களை மறுபடி பின்னால் தள்ளிக்கொண்டு போய் நின்றார். “இவரு எதுவும் குடிக்கலையா? வயித்துல ஒரு சொட்டுத் தண்ணியக் காணோமே” என்றார். கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவர்களைக் கேட்க ஃபோனைக்கூட எடுத்துவிட்டார். கொடுத்தார்கள், கண்ணால் பார்த்தோம் என்றாள் ஹாஜர். நாங்கள் கண்ணால் பார்த்தது வெறும் பாட்டிலை, அதற்கு முன்னால் நிறைந்த பாட்டிலை. நடுவில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. கட்டிய புருஷனை டாக்டர் முன்னால் பொய்யன் ஆக்க யாருக்குத்தான் மனசு வரும். பாட்டில் கழிப்பறைக்குப் போனதைச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. முகம் கொஞ்சம் தெளிந்ததுபோலக்கூட இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத குடல், கழற்றிப் போட்ட காலுறை மாதிரி தன் மேலேயே சுருங்கிக் கிடக்குமாம். படத்தில் சுவர் தடித்ததாகத் தெரியும், மடிந்து கிடக்கும் இடம் கட்டி மாதிரி தெரியும். இதில் எது நோய், எது வெறுங்குடல் என்று இந்தப் படத்தைக் கொண்டு சொல்ல முடியாது, இன்னொரு முறை எடுக்க வேண்டும், இந்த முறை குடித்தே ஆக வேண்டும் என்றார்.

வெளியே வந்து உங்கள் தம்பியிடம் கேட்டேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், “கழுவுற தொட்டிக்குப் படம் எடுத்திருந்தா நல்லாத் தெளிவா வந்திருக்கும்” என்றார். அங்கேயே சிரித்துவிட்டேன் அக்கா. சிரித்துக்கொண்டே அவரை நாலு சாத்து சாத்தவும் தோன்றியது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறது, சின்னப் புண், படம் கொஞ்சம் கலங்கிவிட்டது, அவ்வளவுதான் என்றேன். ஹாஜரும் அதையே சொன்னாள். பேசி வைத்துக்கொண்டுதான் வெளியே வந்திருந்தோம்.

ஊருக்கு வந்ததும் பள்ளிவாசல் ஷேக் மெக்கியைப் போய்ப் பார்த்தேன், அவர் வாயால் சொன்னால் இவர் கேட்பார் என்று. ஷேக் வீட்டுக்கு வந்து நல்ல மாதிரியாகத்தான் எடுத்துச் சொன்னார். நோயாளி நோன்பை விடலாம், குணமான பிறகு விட்ட நாட்களுக்குப் பதில் நாள் வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். குணமாக வழியில்லாதவர் என்றால் பதில் நோன்பு கிடையாது, ஒரு நாளைக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். இதைச் சொல்லி முடித்ததும் தய்யிப் ஒன்றே ஒன்று கேட்டார், அப்படியானால் நான் இதில் எந்தக் கணக்கு என்று. ஷேக்கிடம் நான் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன் அல்லவா, அவர் அவசரமாக, பதில் நோன்புதான், பதில் நோன்புதான், என்ன சந்தேகம் என்று இரண்டு முறை சொன்னார். ஒரு முறை சொல்லியிருக்கலாம்.

நேற்று இரண்டாவது படம் எடுத்தோம். அதே பாட்டில். இந்த முறை நானும் ஹாஜரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார், வாய்க்குக் கொண்டு போகவில்லை. கெஞ்சினோம். ஹாஜர் அதட்டினாள். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, “குடிச்சா ஒரு நாள் கடனாயிரும். அதத் திருப்பி வைக்க எனக்கு நாள் இருக்கான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க” என்றார். பாட்டிலைப் பிடுங்கி, ஒரு கோப்பையில் ஊற்றி, அவர் பார்க்க நான் குடித்துவிட்டேன்.

நீங்கள் படிப்பதை நிறுத்தி அல்லாஹ்வே என்று சொல்வது இங்கே கேட்கிறது. ஆமாம், பட்டப் பகலில், நோயில்லாத நான், வேண்டுமென்றே. அறுபது நாள் விடாமல் நோன்பு இருந்து தீர்க்க வேண்டும் அதற்கு. அடுத்த கோப்பையும் ஊற்றினேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை அவ்வளவு இளைத்திருந்தும் பிடி அப்படியேதான் இருக்கிறது. நீ ஏண்டி பாவத்தில் விழுகிறாய் என்று பாட்டிலை வாங்கி, ஒரு மணி நேரமும் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். உண்மையாகவே கரிக்கிறது அக்கா. பொய்யை அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்.

முடிவு இன்னும் வரவில்லை. நீங்கள் பேசும்போது புண் என்றே சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம். உங்களிடம் பொய் சொல்லச் சொல்வது கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். துஆவில் அவர் பெயரை மறக்காதீர்கள். அங்கே குளிர் போயிற்றா? கால் மூட்டு எப்படி இருக்கிறது?

உங்கள் கையை முத்தமிடும்,
நஸீஹா

*

அத்தாயா
ஷவ்வால் பிறை 9

அன்புள்ள மப்ரூக்கா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் உங்களுக்கு நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் என் ஃபோனுக்கு அனுப்பிய குரல்செய்தியை உப்புக் கிடங்குக்குப் பின்னால் போய் நின்று கேட்டேன். அவன் என்ன பால்குடிக் குழந்தையா, சொல்லித் தொலையுங்கள் என்றீர்கள். அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் நல்ல கோபம். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுவது சுலபம் என்று ஹாஜரிடம் பொருமினேன். இப்போது அந்தக் கோபம் இல்லை.

முதலில் நல்ல செய்தி. இரண்டாவது படத்தில் குடல் முழுக்கத் தண்ணீர் நிறைந்து விரிந்திருந்தது. முதல் படத்தில் தடித்திருப்பதாகச் சொன்ன மேல்பகுதி எல்லாம் மெல்லிசாக, ஒழுங்காக இருக்கிறது. அங்கே நோயே இல்லை, எல்லாம் அந்தக் கழுவுதொட்டி செய்த வேலை. முடிச்சு என்று பயந்தவற்றில் பலவும் மடிந்து கிடந்த குடல்தான். டாக்டர் ராஃபிக்கா அன்று சிரித்தார், பல் வரிசை அழகாக இருக்கிறது.

மீதி உண்டு. சிறுகுடல் முடிந்து பெருங்குடலில் சேரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சுவர் உண்மையாகவே தடித்திருக்கிறது, பக்கத்தில் இரண்டு மூன்று முடிச்சுகள். ஆனால் உள்ளே வழி அடைபடவில்லை, அகன்றிருக்கிறது. மற்ற வகைக் கட்டிகள் வழியை நெருக்குமாம், இது நெருக்காமல் விரித்துவிடுமாம், படத்தைப் பார்த்ததுமே எந்த வகை என்று டாக்டருக்குத் தோன்றிவிட்டது. பின்வழியாகக் குழாய் விட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். பெருநாளுக்கு மறுநாள் முடிவு வந்தது. லிம்ஃபோமா. நிணநீர்ப் புற்றுநோய். எழுதிவிட்டேன். இந்த வீட்டில் இந்த வார்த்தை எழுதப்படுவதோ சொல்லப்படுவதோ இதுதான் முதல் தடவை.

ஓரிடத்தில் மட்டும் இருப்பதால் கத்தி வேண்டாமாம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். முடி கொட்டும், வாந்தி வரும். பத்துப் பேரில் ஏழு பேர் எழுந்து நடமாடிவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். மற்ற மூன்று பேரைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார், தள்ளினால் குடல் ஓட்டை விழக்கூடும், பரவக்கூடும். வருகிற வியாழக்கிழமை முதல் மருந்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவரிடம் எங்கள் பாணியில் சொன்னோம். புண் சின்னதுதான், மருந்து ஏற்றினால் போய்விடும், படம் ரொம்ப நல்லா வந்திருக்கிறது என்று. தலையை ஆட்டினார். சரி என்று நினைத்துக்கொண்டேன். பெருநாள் மூன்றாம் நாள் பின்தெரு ஸல்ஹா வந்தாள். புருஷன் கடலோடு போனபின் நாலு பிள்ளைகளோடு திண்டாடுகிறாளே, அவள்தான். ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்து, என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தய்யிப் கொடுத்தனுப்பிய ரவையும் எண்ணெயும் காய்ந்த பேய்க்கணவாயும் பிள்ளைகளுக்கு ரமலான் பின்பாதி முழுக்க வந்ததாம். அல்லாஹ் அவருடைய நோன்புப் பரிகாரத்தை ஏற்றுக்கொள்ளட்டும் என்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அந்தப் பரிகாரத்தின் கணக்கு விளங்கிவிட்டது.

இரண்டாவது ஸ்கேனுக்குப் பிறகு டாக்டர் சொன்னபடி அவர் மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி குடித்து வந்தார். விட்ட நாட்களையெல்லாம் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளலாம், பகல் குறைவு, நானும் என் அறுபதை அப்போது வைக்கிறேன், விடியுமுன் எழுந்து ஒன்றாக சஹர் சாப்பிடலாம் என்று நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதற்கெல்லாம் உம் கொட்டிவிட்டு, விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஏழைச் சாப்பாடு கொடுத்துக் கணக்கை முடித்திருக்கிறார். ஷேக் என்ன சொன்னாலும், தான் குணமாகாத கணக்கில்தான் சேர்த்தி என்று தானே தீர்த்துக்கொண்டுவிட்டார்.

நேரே கடலோரம் போனேன். தண்ணீருக்குள் நின்று வேலி மட்டைகளைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு மாதம் மீன் வரும் வேலி அது. ஏன் இப்போதே என்றேன். அப்புறம் யார் பிடுங்குவார்கள் என்றார். ஸல்ஹா வந்ததைச் சொன்னேன். ஏழைக்குக் கொடுத்தால் தப்பா என்றார். நான் விடவில்லை. நிஜமாகவே நல்ல செய்திதான், இரண்டாவது படத்தில் நிஜமாகவே ஒன்றும் பரவவில்லை என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டேன். மட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மொதப் படத்துக்கும் நல்லாருக்குன்னுதான் சொன்னே. ரெண்டாவதுக்கும் அதே நல்லாருக்கு. சாகப் போறவன்கிட்டயும் இதைத்தான் சொல்வீங்க, பொழைக்கப் போறவன்கிட்டயும் இதைத்தான் சொல்வீங்க. நான் எதை வச்சுடி கண்டுபிடிக்கிறது?”

எங்கள் பொய்யெல்லாம் அவருக்கு முன்பே தெரியும், அது போகட்டும். இப்போது உண்மையைச் சொன்னாலும் அது பழைய பொய் மாதிரியே இருக்கிறது. வித்தியாசம் காட்ட ஒரே வழிதான், அந்தப் பெயரை நேராகச் சொல்வது. பெயரைச் சொல்லி, இருந்தாலும் குணமாகும் என்று சொன்னால் நம்பக்கூடும். வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக அவர் தலையை அசைத்துக்கொண்டு அடுத்த மட்டையைப் பிடுங்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வரமாட்டேன் என்கிறார். ஊசி ஏற்றி, மயிரெல்லாம் கொட்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து போவதைவிட இந்தத் தண்ணீரில் நின்றபடி போகிறேன் என்கிறார். டாக்டரே சொல்லட்டும் என்றால், அந்தப் பொண்ணுக்கும் நீங்கதான் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பீங்க என்கிறார். ஹாஜர் ஒரு நாள் முழுக்க இருந்து கத்திவிட்டுப் போனாள். ஷேக் மெக்கி வந்தார், அவரைப் பார்த்து, இன்னைக்கு எத்தனை தடவை சொல்லப் போறீங்க ஷேக் என்று கேட்டுச் சிரித்தார். பெரிய மனுஷர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஆகையால் உங்களிடம் வருகிறேன். மாமி படுக்கையில் கிடந்தபோது நாங்கள் எல்லோரும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நீங்கள்தான் படகுத்துறைக்கே போய், எல்லோர் முன்னாலும், ‘அம்மா இந்த வாரம் தாண்டாது, வலையை அப்படியே போட்டுட்டு வாடா’ என்று கத்தினீர்கள். உங்கள் வாய் விளங்காது என்று அன்று நானே சொன்னேன். ஆனால் உங்கள் தம்பி வந்தார், மாமியின் கடைசி மூன்று நாளும் பக்கத்தில் இருந்தார். இப்போதும் அதைச் சொல்லுவார், எல்லாரும் என்னை ஏமாத்தினாங்க, மப்ரூக்கா மட்டும் ஏமாத்தல என்று. உங்கள் வாயிலிருந்து கெட்ட செய்தி வந்தால் அது கெட்ட செய்தி, நல்ல செய்தி வந்தால் அது நல்ல செய்தி. இந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்த நாணயம் மிச்சமில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவது ஃபவ்ஸி வாத்தியாரின் மருமகன், நாளைக் காலை விமானத்தில் வருகிறார், மாலையில் உங்கள் கையில் இருக்கும். படித்ததும் வியாழக்கிழமைக்கு முன்னால் அவரைக் கூப்பிடுங்கள். ஸ்பீக்கரில் போட்டாலும் போடட்டும், தெரு முழுக்கக் கேட்டாலும் கேட்கட்டும். அந்த நோயின் பெயரைச் சொல்லுங்கள், மேலே நான் எழுதியிருக்கிறபடியே. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சொல்லுங்கள். பத்துக்கு ஏழு என்பதையும் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உடனே ஃபோனை வைத்துவிடுவார். மூன்றைப் பற்றிக் கேட்டால் மூன்றையும் சொல்லுங்கள். நான் அப்போது அடுப்படியில் இருப்பேன். கேட்டுக்கொள்வேன்.

இன்னொன்று. நீங்கள் உடனே டிக்கெட் எடுத்துக் கிளம்பிவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. வராதீர்கள். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுதவே மாட்டேன். ஆனால் இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து இத்தனை வருடம் டிக்கெட் கிழிக்கிறேன். மார்செய்க்காரர்கள் கோடையில் வந்தால் விடுமுறை, வேறு எந்த மாதத்தில் பெட்டியோடு வந்து இறங்கினாலும் யார் வீட்டில் சாவு என்றுதான் முதலில் கேட்போம். உங்களை ஏப்ரலில் அந்தப் படகில் பார்த்தால் நீங்கள் சொன்னது ஒன்றையும் அவர் நம்ப மாட்டார். ஆகஸ்ட் மாதம் வழக்கம்போல் வாருங்கள். பெட்டி கனக்கிறது என்று அவர் முனகிக்கொண்டே தூக்குவார், நீங்களும் ஏதாவது திட்டிக்கொண்டே பின்னால் வருவீர்கள்.

அதற்குத்தான் கடைசியாக இதையும் கேட்டுக்கொள்கிறேன். பேசும்போது அன்பாகப் பேசிவிடாதீர்கள். குரல் இளகிவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு இளகிவிட்டது, அதனால்தான் தோற்றேன். ஃபோனை எடுத்ததும் நலம்கூட விசாரிக்க வேண்டாம். மருந்தைக் கொட்டியதற்கு முதலில் நன்றாகத் திட்டுங்கள், வேலியைப் பிடுங்கியதற்குத் திட்டுங்கள், பெண்டாட்டியைப் பாவத்தில் விட்டதற்கும் திட்டுங்கள். அழ வேண்டியிருந்தால் பேசி முடித்துவிட்டு அங்கே அழுதுகொள்ளுங்கள், நானும் இங்கே அழுதுகொள்கிறேன்.

அல்லாஹ் உங்கள் நாக்கின் கூர்மையைக் குறைக்காதிருக்கட்டும்.

உங்கள் ஃபோனுக்காகக் காத்திருக்கும்,
நஸீஹா